மூன்றாவது வரி: மொழி வகுப்பில் பேச்சு என்ன வேலை செய்கிறது?

மொழி வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். வகுப்பு அமைதியாக இருந்தால்தான் பாடம் ஏறும் என்பது பழைய கட்சி. ஆசிரியர் வாயை மூடினால்தான் மாணவர் வாயைத் திறப்பார் என்பது, ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் புதிய கட்சி. முதலாவது கட்சிக்காரர் சத்தத்தை அளக்கிறார். இரண்டாவது கட்சிக்காரர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார் என்று கணக்குப் பார்க்கிறார்.

இருவருமே அளவைத்தான் பார்க்கிறார்கள். மாணவர் ஒரு பதிலைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர் வாயிலிருந்து வரும் அடுத்த வரி என்ன? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான வகுப்பறைப் பேச்சு ஆய்வுகளைப் புரட்டினால், கவனிக்க வேண்டிய இடம் அதுதான் என்று தெரிகிறது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வண்டியும் சரக்கும் ஒன்றே

கணக்கு வகுப்பில் பேச்சு ஒரு வண்டி. பின்னமும் முக்கோணமும் அதில் ஏறி மாணவரிடம் வந்து சேர்கின்றன. மொழி வகுப்பில் வண்டியும் பேச்சுதான், அதில் வரும் சரக்கும் பேச்சுதான். "புத்தகத்தைத் திற" என்று ஆசிரியர் சொல்லும்போது ஒரு வேலையை ஏவுகிறார். கூடவே, தனக்கே தெரியாமல், இரண்டாம் வேற்றுமைக்கும் ஏவல் வினைக்கும் ஒரு மாதிரியைக் காட்டிவிடுகிறார். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த உதிரிப் பேச்சிலிருந்தும் மாணவர்கள் நிறையப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தனித்தனி வாக்கியத்தைத் தாண்டி, பேச்சு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகும் விதத்தை மொழியியலில் கருத்தாடல் என்பார்கள். யார் தொடங்குகிறார், அடுத்த முறை யாருக்கு, தவறு நேர்ந்தால் யார் சரிசெய்கிறார், பேச்சை யார் முடித்துவைக்கிறார் என்பதெல்லாம் இதில் அடங்கும். வகுப்பறைக் கருத்தாடல் வெளியுலகப் பேச்சிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்ட ஒரு சாவி போதும்.

வீட்டில்:

— சாவி எங்கே?
— மேசை மேல இருக்கு பாரு.
— அப்பாடா, இங்கதான் இருக்கா!

வகுப்பில்:

— சாவி எங்கே இருக்கிறது?
— மேசை மேல்.
— சரி. முழு வாக்கியமாகச் சொல்.

வீட்டில் கேட்டவருக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது. வகுப்பில் கேட்டவரின் கண்ணெதிரிலேயே சாவி கிடக்கிறது. வீட்டில் மூன்றாவது வரி நிம்மதி, வகுப்பில் அது மதிப்பெண். "முழு வாக்கியமாகச் சொல்" என்று வீட்டில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும், சண்டைதான் வரும்.

## எண்ணத் தொடங்கியவர்கள்

1960-களில் அமெரிக்காவில் நெட் ஃப்ளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு முறையைப் பரப்பினார். பார்வையாளர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை, நடக்கும் பேச்சு எந்த வகை என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டே போவார். மொத்தம் பத்து வகைகள். அவற்றில் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு. கடைசி ஒன்று மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து. மௌனத்தையும் குழப்பத்தையும் ஒரே பெட்டியில் போட்டதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர். ஆசிரியர் பேச்சைக் குறைக்க வேண்டும் என்ற முழக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட எண்ணிக்கைகள்தான் நிற்கின்றன.

ஆனால் எண்ணிக்கை எவ்வளவு என்று சொல்லுமே தவிர எப்படி என்று சொல்லாது. அந்த வேலையை 1966-இல் ஆர்னோ பெல்லாக் குழுவினரும், 1975-இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர், மால்கம் கூல்ட்ஹார்ட் இருவரும் செய்தார்கள். பதிவுசெய்த பாடங்களை வரிவரியாகப் பிரித்தபோது ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தது.

1. தொடக்கம்: ஆசிரியர் கேட்கிறார்.
2. பதில்: மாணவர் சொல்கிறார்.
3. பின்னூட்டம்: ஆசிரியர் அதைப் பற்றி ஏதாவது சொல்கிறார்.

ஆங்கில முதலெழுத்துகளை வைத்து இதை ஐ.ஆர்.எஃப். சங்கிலி என்பார்கள். 1979-இல் ஹ்யூ மீஹன் மூன்றாவது கண்ணிக்கு மதிப்பீடு என்றே பெயர் வைத்தார். பெயர் எதுவானாலும், மூன்றில் இரண்டு கண்ணி ஆசிரியர் கையில். மாணவருக்குக் கிடைப்பது நடுவில் ஒன்று, அதுவும் கேள்வி அளந்துகொடுத்த அகலத்துக்குள். இந்த அமைப்பில் மாணவர் கேள்வி கேட்கப் பழகுவதில்லை, பேச்சை மாற்றப் பழகுவதில்லை, மறுக்கவோ முடித்துவைக்கவோ பழகுவதில்லை. பதில் சொல்ல மட்டுமே பழகுகிறார். பத்தாண்டு ஒரு மொழியைப் படித்தவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த மொழியில் வழி கேட்கத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்படியானால் இந்தச் சங்கிலியை அறுத்துப் போட்டுவிடலாமா? அப்படி அறுப்பதை எதிர்த்து கோர்டன் வெல்ஸ் 1993-இல் எழுதினார். அவர் வாதம், சங்கிலியில் குறை இல்லை, மூன்றாவது கண்ணியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது. அங்கே மதிப்பெண் போட்டால் பேச்சு மூடிக்கொள்கிறது. அங்கேயே இன்னொரு கேள்வியை வைத்தால் திறந்துகொள்கிறது. ஆசிரியர் பேசும் நிமிடங்கள் இரண்டிலும் ஒரே அளவாகக்கூட இருக்கலாம்.

## ஒரு தவறு, ஆறு வழிகள்

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் ஒரு மாணவர் வகுப்பில் சொல்கிறார்:

"நேற்று நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அக்கா அழுதாள்."

காலம் தவறிவிட்டது. இரண்டாவது வாக்கியத்தில் சரியாக வந்த இறந்தகாலம் முதல் வாக்கியத்தில் வரவில்லை. ஆசிரியர் இப்போது என்ன சொல்வார்? கனடாவில் ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும், நான்கு பிரெஞ்சு வகுப்புகளில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலான பாடங்களைப் பதிவுசெய்து, 1997-இல் ஆசிரியர்கள் திருத்தும் விதங்களை ஆறாகப் பிரித்தார்கள். நம் மாணவரின் வாக்கியத்தை அந்த ஆறிலும் ஓட்டிப் பார்த்தால்:

1. நேரடித் திருத்தம்: "போகிறேன் இல்லை, போனேன்."
2. திருத்தத்தைத் தன் பேச்சில் கலந்து சொல்லிவிட்டு நகர்வது: "ஓ, நேற்று போனாயா!"
3. புரியவில்லை என்று கேட்பது: "என்ன? மறுபடி சொல்லு."
4. விடையைச் சொல்லாமல் இலக்கணத்தைச் சுட்டுவது: "நேற்று என்றால் எந்தக் காலம்?"
5. எடுத்துக்கொடுத்து நிறுத்துவது: "நேற்று நான் அக்கா வீட்டுக்குப்…"
6. தவறை அப்படியே திருப்பிச் சொல்வது: "நேற்று… போகிறேன்?"

முதல் இரண்டில் சரியான வடிவம் ஆசிரியர் வாயிலிருந்து வருகிறது. மற்ற நான்கில் அதை மாணவரே தன் நினைவைத் துழாவி எடுக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் பார்க்க வேண்டிய கோடு இதுதான்.

அந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் இரண்டாவது வகை. ரீகாஸ்ட் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். மென்மையானது, மாணவர் முகம் வாடாது, பேச்சும் தடைபடாது. ஆனால் அதற்குப் பின் மாணவர் அந்தத் திருத்தத்தை ஏற்று ஏதாவது சொன்னது 31 சதவீத நேரங்களில்தான். எடுத்துக்கொடுத்து நிறுத்திய ஐந்தாவது வகைக்கோ, ஒவ்வொரு முறையும் மாணவரிடமிருந்து ஏதோ ஒரு பதில் வந்தது. எல்லாம் சரியான பதில் அல்ல. ஆனால் முயற்சி வந்தது.

ரீகாஸ்ட் ஏன் நழுவுகிறது? தமிழில் காரணம் இன்னும் பளிச்சென்று தெரியும். மாணவர் சொன்னது "போகிறேன்". ஆசிரியர் திருப்பிச் சொன்னது "போனாயா". இடையில் மூன்று விஷயங்கள் மாறிவிட்டன: நிகழ்காலம் இறந்தகாலமானது, "நான்" என்பதற்குரிய "ஏன்" விகுதி "நீ" என்பதற்குரிய "ஆய்" ஆனது, கடைசியில் ஒரு வினா "ஆ" ஒட்டிக்கொண்டது. இவற்றில் எது திருத்தம், எது வெறும் உரையாடல் என்று அந்த மாணவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? "ஆமா" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். திருத்திவிட்டோம் என்று ஆசிரியர் நினைப்பார். ஆசிரியர் நம் கதையைக் கேட்கிறார் என்று மாணவர் நினைப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். திருத்தத்துக்கு உடனே எதிர்வினை வந்தது என்பதாலேயே அந்த வடிவம் மனதில் தங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. வாய் திறக்காத மாணவர் உள்ளுக்குள் கவனித்துக்கொண்டும் இருக்கலாம். ஒருவருக்கு ஒருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு இலக்கண அம்சத்தைக் குறிவைத்துச் செய்த ஆய்வுகளில் ரீகாஸ்ட் நன்றாகவே பலன் தந்திருக்கிறது. நாற்பது பேர் உள்ள இரைச்சலான அறையில்தான் அது காற்றோடு போகிறது.

அன்றாடப் பேச்சை ஆராய்ந்த ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977-இல் காட்டிய ஒரு விஷயமும் இங்கே பொருந்தும். சாதாரண உரையாடலில் தவறு செய்தவரே தன்னைத் திருத்திக்கொள்ள மற்றவர்கள் இடம் விடுகிறார்கள். "அவன்… இல்ல, அவர் வந்தாரு" என்று நாமே திரும்பி வருகிறோம். எதிராளி குறுக்கே புகுந்து திருத்துவது அபூர்வம், திருத்தினால் அது உறுத்தும். வகுப்பறையில் வழக்கம் தலைகீழ். எடுத்துக்கொடுத்து நிறுத்தும் ஆசிரியர், இயல்பான பேச்சில் எல்லோருக்கும் கிடைக்கும் அந்த வாய்ப்பைத்தான் மாணவருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

ஆறு வழிகளைச் சொல்லிவிட்டு அக்காவை மறந்துவிட்டோம். ஏழாவதாக ஒரு வரியும் உண்டு: "ஏன் அழுதாள்?" இதில் திருத்தமே இல்லை. ஆனால் சொல்ல வந்ததை ஒருவர் காதில் வாங்கினார் என்பதற்கான ஒரே அடையாளம் இந்த வரிதான். இதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் மாணவர் இன்னும் நாலு இறந்தகால வினைகளைத் தேடிப் பிடித்தாக வேண்டும். திருத்தம் வேண்டாம் என்பதல்ல. எந்த நேரத்தில் எந்த வரி என்பதுதான் ஆசிரியத் தொழிலின் நுணுக்கம். பயிற்சி நடத்தும் பாட நேரத்தில் ஐந்தாவது வரி, அக்கா அழுத கதை வரும் நேரத்தில் ஏழாவது வரி, அப்புறம் திரும்பி வந்து நான்காவது வரி. இதை எந்தக் கையேடும் முன்கூட்டி எழுதிக் கொடுக்க முடியாது.

## விடை தெரிந்த கேள்வி, தெரியாத கேள்வி

மூன்றாவது வரி எப்படி அமையும் என்பதைப் பாதி அளவுக்கு முதல் வரியே தீர்மானித்துவிடுகிறது. கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்விக்குச் "சரி" அல்லது "தப்பு" தவிர வேறென்ன சொல்ல முடியும்? மைக்கேல் லாங், சார்லீன் சாட்டோ இருவரும் 1983-இல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகளில் விடை தெரிந்த கேள்விகளே மிகுதி என்றும், வகுப்புக்கு வெளியே அதே மொழி பேசுவோர் புதிதாகக் கற்பவர்களிடம் பேசும்போது அவை அரிது என்றும் எழுதினார்கள்.

இந்த வகைக் கேள்வியை வில்லனாக்கத் தேவையில்லை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு "இது என்ன?" "பேனா" என்பது பாதுகாப்பான படி. ஆனால் விடை தெரிந்த கேள்வியும் ஒரு பழக்கம்தான், எல்லா வீட்டிலும் இருக்கும் பழக்கமல்ல. அமெரிக்காவின் கரோலைனா பகுதியில் சில சமூகங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகி 1983-இல் எழுதிய ஷர்லி பிரைஸ் ஹீத் இதைக் காட்டினார். ஒரு சமூகத்துப் பெரியவர்கள் குழந்தைகளிடம் "இது என்ன?" என்று கேட்பதில்லை, "இது எதைப் போல இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் குழந்தைகள் பள்ளிக்கு வந்து, கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிப் பெயர் கேட்கும் ஆசிரியரைப் பார்த்து விழித்தார்கள். பதில் தெரியாமல் இல்லை. இப்படி ஒரு கேள்வியை யாராவது ஏன் கேட்பார்கள் என்று புரியாமல். அந்த மௌனம் அறியாமை என்று பதிவானது.

## மூன்று விநாடி

மௌனத்தையும் குழப்பத்தையும் ஒரே பெட்டியில் போட்டதை நினைவில் வைக்கச் சொன்னேன். 1970-களில் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளில் மௌனத்தை மட்டும் தனியாக அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியோ அதற்கும் குறைவாகவோதான் காத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றினார்கள், வேறொருவரைக் கூப்பிட்டார்கள், அல்லது தாங்களே விடை சொன்னார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மாணவர்கள் தாமாகவே பேசுவது கூடியது.

அந்த ஆய்வு அறிவியல் வகுப்பில், தெரிந்த மொழியில். கற்றுக்கொண்டிருக்கும் மொழியிலேயே பதில் சொல்ல வேண்டியவருக்கு அந்த ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டியவை:

1. கேள்வியின் ஒலியைச் சொற்களாகப் பிரித்துப் பொருள் கொள்ள வேண்டும்.
2. சொல்ல ஒரு விஷயம் வேண்டும்.
3. அதற்கான சொற்களைத் தேட வேண்டும், பாதி நேரம் அது வேறு மொழியில்தான் வந்து நிற்கும்.
4. வேற்றுமை உருபும் வினை விகுதியும் ஒட்ட வேண்டும்.
5. நாற்பது பேர் முன்னால் சொல்லத் துணிய வேண்டும்.

ஐந்தாவது படிக்கு மட்டுமே ஒரு விநாடி போதாது.

ரோ சொன்னதில் அதிகம் கவனிக்கப்படாத பாதி ஒன்று உண்டு. காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு: கேள்விக்குப் பின் ஒன்று, பதிலுக்குப் பின் ஒன்று. மாணவர் "மேசை மேல்…" என்று இழுத்ததும் "சரி!" என்று விழுகிற மூன்றாவது வரி, அவர் மனதில் உருவாகிக்கொண்டிருந்த மீதி வாக்கியத்தை வெட்டிவிடுகிறது. முழு வாக்கியமாகச் சொல் என்று கேட்கும் ஆசிரியர்களே முழு வாக்கியம் வர நேரம் விடாமலிருப்பது வேடிக்கைதான்.

## பேசினால் ஏன் மொழி வருகிறது?

காதில் போதுமான மொழி விழுந்தாலே போதாதா? 1980-களின் தொடக்கத்தில் ஸ்டீவன் கிராஷன் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார். கற்பவருக்குப் புரிகிற, ஆனால் அவர் நிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற மொழி கிடைத்தால் மொழி தானாக வரும் என்றார். மைக்கேல் லாங் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார். "என்ன சொன்னீங்க?", "அப்படின்னா?", "நாளைக்கா, நாளன்னைக்கா?" என்று இருவர் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும்போதுதான் மொழி அந்தக் கற்பவரின் அளவுக்கு வெட்டித் தைக்கப்படுகிறது என்பது அவர் வாதம்.

பெரிய கேள்வி கனடாவிலிருந்து வந்தது. 1965-இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் நடத்தும் திட்டம் தொடங்கியது. பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே படித்த பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழைகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. காதுக்குப் போன மொழியில் பஞ்சமே இல்லை, பிறகு என்ன குறை? 1985-இல் மெரில் ஸ்வெய்ன் சொன்ன பதில்: அவர்களைப் போதுமான அளவு பேச வைக்கவில்லை, பேசியதைத் துல்லியமாக்கும்படி தள்ளவும் இல்லை. கேட்கும்போது விகுதியைத் தவறவிட்டாலும் பொருளை ஊகித்துவிடலாம். சொல்லும்போது ஏதோ ஒரு விகுதியைத் தேர்ந்தே ஆக வேண்டும். அப்போதுதான் "இது எனக்குத் தெரியாது" என்பதே தெரியவரும்.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி வழி வந்தவர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். ஒருவர் தனியாகச் செய்ய முடிவதற்கும், தேர்ந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள வெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் அவர். 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் அந்தத் துணைக்குக் கட்டடச் சாரத்தின் பெயரை வைத்தார்கள். சுவர் எழும்பும் வரை சாரம் நிற்கும், பிறகு பிரித்துவிடுவார்கள். "நேற்று நான் அக்கா வீட்டுக்குப்…" என்று எடுத்துக்கொடுப்பது ஒரு சாரம். ஆறு மாதம் கழித்தும் அதே மாணவருக்கு அதே இடத்தில் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தால் அது சாரமல்ல, தூண்.

## இருபத்திரண்டரை விநாடி

இப்போது எண்ணிக்கைக் கட்சிக்கு நியாயம் செய்வோம், அவர்கள் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 45 நிமிட வகுப்பு, 40 மாணவர்கள். ஆசிரியர் 30 நிமிடம் எடுத்துக்கொண்டால் மீதி 15 நிமிடம். ஒவ்வொருவருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 22.5 விநாடி. ஆசிரியர் தன் பேச்சைப் பாதியாகக் குறைத்து மீதி நேரத்தை ஒவ்வொருவராகப் பேச வைத்தால் அது 45 விநாடி. அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடம் இருவர் இருவராகப் பேச விட்டால் தலைக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. ஆசிரியர் மௌனமாவது இந்தச் சிக்கலைத் தீர்க்காது. ஒரே நேரத்தில் இருபது பேச்சுகள் நடப்பதுதான் தீர்க்கும்.

உடனே வரும் ஆட்சேபம்: ஒருவர் தவறை மற்றவர் கற்றுக்கொள்வாரே? லாங்கும் பாட்ரீசியா போர்ட்டரும் 1985-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, சக மாணவரோடு பேசும்போது கற்பவர்களின் மொழி ஆசிரியர் முன் பேசுவதைவிடப் பிழை மிகுந்ததாக இல்லை என்று காட்டினார்கள். குறையும் உண்டு, பிழைகளை யாரும் அதிகம் திருத்துவதில்லை. அதனால் இருவர் பேச்சு முடிந்தபின் ஆசிரியரின் மூன்றாவது வரிக்கு வேலை இருக்கிறது.

வெறுமனே "இரண்டு பேரும் பேசுங்க" என்றால் பேச்சு நடக்காது. இருவரிடமும் ஒரே தகவல் இருந்தால் பேசத் தேவையே எழாது. ஒருவரிடம் பாதி அட்டவணை, மற்றவரிடம் மீதிப் பாதி என்று கொடுத்தால் கேட்டே தீர வேண்டும். டக்ளஸ் பார்ன்ஸ் 1976-இல் செய்த ஒரு பாகுபாடும் இங்கே உதவும்: யோசித்துக்கொண்டே தட்டுத்தடுமாறிப் பேசுவது ஒன்று, யோசித்து முடித்ததை ஒப்புவிப்பது இன்னொன்று. முதல் வகையில் "இல்ல… அதாவது… இரு" என்று துண்டுதுண்டாக வரும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அரட்டையாகத் தெரியும்.

## எந்த மொழியில் பேசுவது?

கற்பிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி வகுப்புக்குள் நுழையவே கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. அதற்கு மாறாக, இரு மொழிகளையும் திட்டமிட்டுக் கலந்து பயன்படுத்தும் முறைக்கு 1994-இல் வேல்ஸில் கென் வில்லியம்ஸ் பெயர் கொடுத்தார். ஒரு மொழியில் படித்துவிட்டு அதைப் பற்றி மற்ற மொழியில் பேசுவது, எழுதுவது என்று அது தொடங்கியது. இருவர் இருவராக ஒரு வேலையைத் திட்டமிடும்போது சொந்த மொழியில் இரண்டு வரி பேசுவது நேரத்தை மிச்சப்படுத்தும். முழு நேரமும் அதிலேயே போனால் மொழி வகுப்பு மொழியைப் பற்றிய வகுப்பாகிவிடும்.

தமிழ் வகுப்புக்கு இது இன்னொரு கோலத்தில் வருகிறது. மொழி ஒன்றுதான், உருவம் இரண்டு. ஆசிரியர் கேட்கிறார்: "யாரு இதைக் கிழிச்சது?" மாணவர்: "அவன்தான் சார் கிழிச்சான்." ஆசிரியர்: "கிழித்தான் என்று சொல்." கேள்வி பேச்சுத் தமிழில், எதிர்பார்ப்பு எழுத்துத் தமிழில். "கிழிச்சான்" பிழையே அல்ல. இடம் மாறி வந்த வடிவம். அதற்குத் "தப்பு" என்ற மூன்றாவது வரி விழும்போது, மாணவர் தன் வாயில் இயல்பாக வரும் மொழி முழுவதையுமே தப்பு என்று எடுத்துக்கொள்கிறார், பிறகு வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. "பேசும்போது கிழிச்சான், எழுதினால் எப்படி எழுதுவே?" என்ற வரியில் இரண்டு வடிவத்துக்கும் இடம் இருக்கிறது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கு இதே சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: புத்தகம் "போகிறேன்" என்கிறது, ஆசிரியர் "போறேன்" என்கிறார், இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்வதில்லை.

## பேசும் செயலி மூன்றாவது வரியைச் சொல்லுமா?

மொழி கற்க உரையாடும் செயலிகள் பெருகிவிட்டதால், வகுப்பறைப் பேச்சுக்கு இனி என்ன அவசியம் என்று கேட்கிறார்கள். செயலிக்கு 40 மாணவர்கள் இல்லை, 22.5 விநாடிக் கணக்கும் இல்லை. பயிற்சி நேரம் என்ற அளவில் அதற்கு ஈடில்லை. ஆனால் குரலில் இயங்கும் அமைப்புகள் பலவற்றில், பேசுபவர் முடித்துவிட்டாரா என்பதை அவர் விடும் இடைவெளியை வைத்தே கணிக்கிறார்கள். கற்பவர் விகுதி தேடும் இடைவெளியும் அப்படித்தான் ஒலிக்கும், வாக்கியம் முடியுமுன் செயலி பேசத் தொடங்கிவிடும். பழைய ஒரு விநாடிப் பழக்கம் புதுச் சட்டை போட்டு வந்தது போல. ஒரு செயலியை எடைபோடக் கேட்க வேண்டியவை எளியவை: தவறு செய்தால் விடையைத் தந்துவிடுகிறதா, தேட விடுகிறதா? நான் தயங்கினால் காத்திருக்கிறதா? நான் அதனிடம் கேள்வி கேட்கும்படி நேர்கிறதா, பதில் மட்டும் சொல்கிறேனா?

## பத்து நிமிடப் பதிவு

ஆசிரியர் தன் வகுப்பைத் தானே பார்க்க விரும்பினால் முழுப் பாடத்தையும் எழுத்தில் பெயர்க்க வேண்டியதில்லை. ஸ்டீவ் வால்ஷ் 2006-இல் முன்வைத்த தற்சோதனை முறையில் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளே போதும். கைபேசியை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பதிவுசெய்து, மாலையில் ஒருமுறை கேட்டுக்கொண்டே தாளில் மூன்று பத்திகளில் கோடு போட்டுக்கொண்டு போகலாம்.

1. மாணவர் பதிலுக்குப் பின் "சரி", "தப்பு", "வெரிகுட்", "உட்கார்" என்று மூடிய வரிகள்.
2. சரியான வடிவத்தை ஆசிரியரே சொன்ன வரிகள்.
3. மாணவரை மறுபடி பேச வைத்த வரிகள்.

"சரி" என்று சொன்னது எத்தனை முறை என்று பார்க்கும்போது பெரும்பாலும் திகைப்புதான் வரும். அடுத்த வாரம் வேறெதையும் மாற்றாமல் மூன்றாவது பத்தியில் ஐந்து கோடு கூடுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். பதிவில் இப்படி ஓர் இடம் வந்தால் கோடு எந்தப் பத்தியில் விழும் என்பதில் சந்தேகம் இருக்காது:

மாணவர்: நேற்று நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அக்கா அழுதாள்.
ஆசிரியர்: ஐயோ, ஏன் அழுதாள்?
(நான்கு விநாடி)
மாணவர்: நான்… ஊருக்குப் போகிறேன்னு சொன்னேன். நேற்று போனேன், சொன்னேன். அதான்.